இலைக்கு மேல் வைத்த கை

1

போன ஆகஸ்டில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மூன்று வருடமாக விடாமல் கேட்டுக்கொண்டிருந்த ஆராய்ச்சி நிதி கிடைத்துவிட்டது. முதல் வரியைப் படித்ததும் கையிலிருந்த காப்பியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்றேன். அறையில் யாரும் இல்லை. எனக்கு நானே எழுந்து நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

நான்காவது பத்தியில் இன்னொரு வரி இருந்தது. விண்ணப்பதாரர் நேர்காணலில் ஒப்புக்கொண்டபடி, கள உதவியாளருக்கான ஒதுக்கீடு நீக்கப்படுகிறது.

ஒப்புக்கொண்டபடி! நான் எப்போது ஒப்புக்கொண்டேன்? அந்தப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு நேர்காணல் நாளை முதலிலிருந்து யோசித்துப் பார்த்தேன். ஆமாம், நான்தான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆனால் எங்கள் ஊர்க்காரர் யார் காதிலும் அது ஒப்புதலாக விழுந்திருக்காது.

பெர்த் நகரத்துக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் விருந்தோம்பலும் சுற்றுலாவும் கற்பிக்கிறேன். எங்கள் ஊரான கொட்டாரத்தில் இதைச் சொன்னால், "சமையலாம்மா?" என்று கேட்பார்கள். பாதி உண்மை என்பதால் நான் மறுப்பதில்லை.

2

ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று ஊரில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் அலைந்தவர்கள் எளிதாகப் புரிந்துகொள்வார்கள். இங்கே வரிசை கிடையாது, வியர்வை கிடையாது, மேசைக்கு அந்தப் பக்கம் மனிதரும் கிடையாது. ஓர் இணையப் பக்கம் இருக்கிறது. இருபது நிமிடம் கை வைக்காவிட்டால் அதுவாகவே மூடிக்கொள்ளும். எழுதியதெல்லாம் போய்விடும்.

முதல் கட்டத்தில் குடும்பப் பெயர் கேட்பார்கள். லதா என்ற என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயரைப் போட்டேன். அதனால் இங்கே நான் டாக்டர் செல்லப்பன். நாலாம் வகுப்போடு நின்றுவிட்ட அப்பாவை வராந்தாவில் மாணவர்கள் டாக்டர் என்று கூப்பிடுகிறார்கள். அவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

அடுத்து, உங்கள் ஆராய்ச்சியால் உலகத்துக்கு என்ன பயன் என்று ஒரு கட்டம். இருநூறு சொல்லுக்குள் உலகத்தை அடக்க வேண்டும். முதல் வருடம் "இது ஒரு சிறு முயற்சி" என்று தொடங்கியிருந்தேன். இரண்டாம் வருடம் "எனது எளிய அறிவுக்கு எட்டியவரை" என்று எழுதினேன். இரண்டு தடவையும் நிராகரித்தார்கள். விண்ணப்பதாரருக்கே தன் திட்டத்தில் நம்பிக்கை இல்லை என்று ஒரு மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. நம்பிக்கை இருப்பவர்தானே பணிவாகப் பேசுவார்?

மூன்றாம் வருடம் என் மகள் அனிஷா விண்ணப்பத்தைத் திருத்தித் தந்தாள். பதினாறு வயது. "அம்மா, நீ எல்லா வரியிலயும் ஸாரி கேக்கறே" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு பணிவாக அடித்துத் தள்ளினாள். அடித்து முடித்துப் படித்துப் பார்த்தால், யாரோ ஒரு திமிர் பிடித்த பெண் எழுதியது போல இருந்தது. அதைத்தான் அனுப்பினேன். அதற்குத்தான் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள்.

3

விண்ணப்பத்தில் நான் கேட்டது இதுதான். கன்னியாகுமரிக்கு வருகிற பயணிகளுக்கு லாட்ஜில் இடம் கிடைக்காதபோது, சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள் வீட்டிலேயே ஓர் அறையை ஒழித்துக் கொடுக்கிறார்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் வந்துவிட்டால் கொட்டாரம் வரைக்கும் இது நடக்கும். விருந்தாளி வேண்டாம் என்று சொல்லும்போது அது உண்மையான வேண்டாமா, மரியாதைக்குச் சொல்கிற வேண்டாமா என்று அந்த வீட்டுக்காரர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இவ்வளவுதான் என் கேள்வி.

நம் ஊர்ப் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் விண்ணப்பத்தில் விளக்கியிருந்தேன். பரிமாறுகிறவர், எங்கள் ஊர்ப் பேச்சில் விளம்புகிறவர், பாயச வாளியோடு வருகிறார். நாம் இலைக்கு மேல் கையை நீட்டி, "போதும்" என்கிறோம். அது மரியாதை. அவர் "கொஞ்சூண்டு" என்கிறார். "ஐயோ, வேண்டாம்" என்கிறோம். அதுவும் மரியாதைதான், ஆனால் கை கொஞ்சம் விலகியிருக்கும். மூன்றாவது தடவையும் அவர் கேட்க, நாம் இலையின் மேல் குனிந்து மறித்தால்தான் வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். முதல் இரண்டு வேண்டாம்களை நம்பி நகர்கிறவருக்கு விளம்பத் தெரியவில்லை என்று பெயர்.

என் கல்யாணத்தில் அப்படி நடந்தது. வெளியூரிலிருந்து புதிதாக வந்த கேட்டரிங் ஆட்கள். போதும் என்றால் போதும் என்று நம்பி வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மார்த்தாண்டத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் அரை வயிற்றோடு வேன் ஏறினார்கள். என் கணவரின் சித்தப்பா, "பிரதமனைக் கண்ணால கண்டதோட செரி" என்று இன்றைக்கும் சொல்வார். அடுப்பங்கரையில் மூன்று அண்டா பிரதமன் பாயசம் மிச்சம் இருந்தது. அம்மா அன்றைக்கு அழுதது நான் புகுந்த வீட்டுக்குப் போகிறேன் என்பதற்காக அல்ல.

அனிஷாவுக்கு இதெல்லாம் கிடையாது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் வீட்டுக்குப் போனால், வடை வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பாள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பிறகு எத்தனை தடவை கேட்டாலும், "நான்தான் சொன்னேனே" என்று ஒரு பார்வை. வீட்டுக்காரர்களின் முகம் சுருங்கும். நான் அவசரமாக இரண்டு வடையை எடுத்துத் தின்று சமாளிப்பேன். காரில் வரும்போது சண்டை. "வேணும்னா வேணும்னு சொல்ல என்ன கஷ்டம்?" என்று கேட்பாள்.

4

நேர்காணல் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். குழுவின் தலைவர் ஹெலன், என் துறையில் எனக்கு மூத்தவர். வெளிப்படையாகப் பேசுகிறவர். நல்ல மனுஷி.

முதலில் பிஸ்கட் தட்டை நீட்டினார். காலையில் பதற்றத்தில் சாப்பிடாமல் வந்திருந்தேன். பசி. "வேண்டாம், நன்றி" என்றேன். தட்டு போய்விட்டது. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

அரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. கடைசியில் ஹெலன் கேட்டார். "இந்த வருடம் நிதி நெருக்கடி. உங்கள் பட்டியலில் இரண்டு பெரிய செலவுகள் இருக்கின்றன. டிசம்பரில் உங்கள் பயணம் ஒன்று, ஒரு வருடத்துக்குக் கள உதவியாளர் இன்னொன்று. உதவியாளர் இல்லாமல் உங்களால் சமாளிக்க முடியுமா?"

"அதற்கென்ன, சமாளித்துக்கொள்கிறேன்" என்றேன்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். "இல்லை இல்லை, தனியாக எப்படிச் செய்வீர்கள்?" என்று அவர் கேட்க வேண்டும். "எப்படியாவது" என்று நான் இழுக்க வேண்டும். "அதெல்லாம் வேண்டாம், உதவியாளர் இருக்கட்டும்" என்று அவர் முடிக்க வேண்டும். எனக்குள் அந்தப் பேச்சு முழுவதும் தயாராக இருந்தது. ஹெலன் புன்னகையோடு, "மிகவும் நன்றி, அது எங்களுக்குப் பெரிய உதவி" என்று சொல்லிக் குறித்துக்கொண்டார்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. இப்போது குறித்துக்கொள்கிறார், பிறகு யோசித்து ஒருமுறை கேட்பார் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். விருந்தோம்பலில் முனைவர் பட்டம் வாங்கியவள் நான்.

5

உதவியாளர் என்று நான் எழுதியிருந்த இடத்தில் ஒரு பெண் இருக்கிறாள். ரெஜினா. இராஜாக்கமங்கலத்துக்காரி. ஹோட்டல் மேனேஜ்மெண்ட் படித்துவிட்டுக் கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் இருந்தாள். போன வருடம் பூர்வாங்க வேலைக்காகப் பதினோரு வீடுகளுக்குப் போய்ப் பேசி எனக்குக் குறிப்பு அனுப்பினாள். அந்தக் குறிப்புகள் இல்லாமல் என் விண்ணப்பம் வெறும் ஜம்பம்தான்.

ஒருநாள் போனில் சொன்னாள். "அக்கா, வடக்கத்தி ஆளுவ போதும்னா போதும்தான். திரும்பிக்கூடப் பாக்காது. நம்ம ஆளுவதான் வேண்டாம்னு சொல்லிட்டு நம்ம மொகத்தையே பாத்துட்டு நிக்கும்." நான் பத்துப் புத்தகம் படித்துக் கண்டுபிடிக்காததை அவள் மேசைக்குப் பின்னால் நின்றே கண்டுபிடித்திருந்தாள்.

நிதி கிடைத்தால் ஒரு வருடம் சம்பளத்தோடு வேலை, அதற்குப் பிறகு அவள் பெயரும் சேர்ந்து கட்டுரை வரும், அதை வைத்து மேற்படிப்புக்கு முயற்சி செய்யலாம் என்று சொல்லியிருந்தேன். மின்னஞ்சல் வந்த மறுநாள் மாலை அவளைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அதுக்கென்னக்கா, பரவால்ல" என்றாள். "நமக்கு இது இல்லன்னா வேற. நீங்க வெசனப்படாதீங்க."

"லாட்ஜ் வேலை இருக்குல்லா?"

"இந்த மாசத்தோட நிக்கேன்னு மேனேஜர்ட்ட சொல்லிட்டேன்க்கா. நீங்க நேர்காணல் நல்லா போச்சுன்னு சொன்னியளா, அதான். பரவால்லக்கா. ஒரு பிரச்சனையும் இல்ல."

போனை வைத்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பரவாயில்லை என்று இரண்டு தடவை சொல்லியிருந்தாள். அது எந்தப் பரவாயில்லை என்று எனக்குத் தெரியாதா? அவளும் என்னைப் போல இலைக்கு மேல் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். வாளி இந்தத் தடவை என் கையில் இருக்கிறது. அவளுடைய பரவாயில்லையை நம்பி நான் நகர்ந்து போனால் என்னைவிடக் கேவலமானவள் இருக்க முடியாது.

6

கொடுத்ததைப் போதாது என்று சொல்லி மறுபடி போய்க் கேட்பது எங்கள் வீட்டில் யாரும் செய்யாத காரியம். ஹெலனின் அறைக்கு வெளியே பத்து நிமிடம் அறிவிப்புப் பலகையைப் படிப்பது போல நின்றேன். போன வருடத்துக் கருத்தரங்கு அறிவிப்பை முழுவதும் படித்து முடித்தபின் கதவைத் தட்டினேன்.

"அன்றைக்குச் சமாளிப்பேன் என்று சொன்னேன். என்னால் முடியாது. உதவியாளர் வேண்டும்" என்றேன். மென்று விழுங்காமல் சொல்வதற்காக அனிஷாவிடம் வீட்டில் ஒத்திகை பார்த்திருந்தேன்.

ஹெலன் கண்ணாடியைக் கழற்றினார். "முடியாது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாமே? சொல்லியிருந்தால் வேறு எங்காவது குறைத்திருப்போம்."

வேறு வழியில்லாமல் பந்தியை, வாளியை, இலைக்கு மேல் நீட்டிய கையை எல்லாம் சொன்னேன். விண்ணப்பத்தில் படித்தவர்தான். ஆனால் அது கன்னியாகுமரியில் நடப்பது என்று நினைத்திருந்தார். தன் மேசைக்கு எதிரில் நடக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

"அப்படியானால் நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?"

"அதைத் தெரிந்துகொள்ளத்தான் நிதி கேட்டேன்" என்றேன்.

வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் சிரிப்பு நின்றதும் அவர் சொன்னது அவ்வளவு வேடிக்கையாக இல்லை. மொத்தத் தொகை முடிவாகிவிட்டது. ஒரு டாலர்கூடக் கூட்ட முடியாது. ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு மாற்றலாம். அதற்கு ஒரு படிவம் இருக்கிறது.

பெரிய தலைப்பு என்று மிச்சம் இருந்தது ஒன்றுதான். டிசம்பரில் என் பயணம்.

அதைப் பற்றிக் கொஞ்சம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயணம் ஆராய்ச்சிக்காக மட்டும் போட்டதல்ல. ஊருக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. வீட்டுக் கடன், பிள்ளையின் படிப்பு, ஏதாவது ஒன்று ஒவ்வொரு டிசம்பரையும் தின்றுகொண்டிருந்தது. பல்கலைக்கழகச் செலவில் போகிற மாதிரி ஒரு வழி செய்துவிட்டால் என் மனசாட்சியே என்னைத் தடுக்காது என்று கணக்குப் போட்டிருந்தேன். அம்மாவிடம் ஜூன் மாதமே வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

படிவத்தில் மாற்றத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. களப்பணியை அந்த ஊரிலேயே வாழ்கிற ஒருவர் செய்வதுதான் சரி என்று எழுதினேன். உண்மைதான். அனுப்பிவிட்டு ரெஜினாவைக் கூப்பிட்டேன்.

"வேண்டாம்க்கா, ஒங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டமும் வெப்ராளமும்?" என்றாள்.

"ஏட்டி, படிவம் போட்டாச்சு. வேலைக்கு வரியா, இல்லியா?"

"வாறேன்க்கா" என்றாள்.

7

இனி அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

அம்மா நாகர்கோவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். வெளியூர்ப் பேச்சை மூன்று மூன்று நிமிடமாகக் கணக்குப் பார்த்த டிரங்க் கால் காலத்துப் பழக்கம் இன்றும் போகவில்லை. மூன்று நிமிடம் ஆனால், "செரி, வைக்கட்டா?" என்று கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிடுவாள். வாட்ஸாப்பில் காசு ஆகாது என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை. லைனுக்காக வேறு யாரோ காத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு இன்னும் ஒரு நினைப்பு.

நிதி, தலைப்பு, மாற்றம் என்று நான் சுற்றி வளைத்துச் சொன்னேன். பாதியிலேயே புரிந்துகொண்டாள்.

"அதுக்கென்ன மக்கா, இப்பம் வரண்டாம். டிக்கெட்டெல்லாம் ஆனவெல குதிரவெல. நீ அங்க வேலையப் பாரு. செரி, வைக்கட்டா?"

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

நான்கு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டேன். சொந்தச் செலவில் வரலாமா என்று யோசிப்பதாகச் சொன்னேன். "அதான் வேண்டாம்னேம்லா. இங்க ஒரே மழ, கொசு வேற. அனிஷாக்கு ஒத்துக்கிடாது" என்றாள். பிறகு போகிற போக்கில், "கீழ ரூமுக்கு எடுத்த கொசுவலைய மேல போட்டு வச்சிருக்கேன், அது பாட்டுக்குக் கெடக்கும்" என்றாள். யாருக்கு எடுத்த வலை என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை ஒத்துக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. அம்மாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், அவளுக்கும் என் நிலைமை புரிகிறது, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று கணவரிடம் சொன்னேன். அவர் புதுக் கார் வாங்கச் சேர்த்துவைத்த பணத்தின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசையில் படித்துக்கொண்டிருந்த அனிஷா தலையைத் தூக்கினாள்.

"பாட்டி எத்தனை தடவை வேண்டாம்னு சொன்னாங்க?"

"ரெண்டு தடவை."

"மூணாவது தடவை நீ கேக்கலை."

நான் அவளையே பார்த்தேன்.

"உன் அப்ளிகேஷன்ல நீதானே எழுதினே? நான்தானே கரெக்ட் பண்ணேன்? ஃபர்ஸ்ட் ரெண்டு தடவை மரியாதைக்கு. தேர்ட் டைம் கேக்காம போறவங்களுக்கு விளம்பத் தெரியாதுன்னு." விளம்ப என்ற சொல்லை அவள் வாயில் அன்றைக்குத்தான் முதல் முதலாகக் கேட்டேன். ழகரம் மட்டுமில்லை, ளகரமும் அவளுக்குச் சண்டைதான். இருந்தாலும் தெளிவாகத்தான் சொன்னாள்.

கணவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "கார் இன்னும் ஒரு வருடம் ஓடும்" என்றார்.

அடுத்த நாள் மாலை ஆறு மணி. கொட்டாரத்தில் மூன்றரை இருக்கும். அம்மா காப்பி போடுகிற நேரம். அனிஷா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, டிசம்பர்ல நாங்க வரட்டா?"

பதில் இல்லை. அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. திரையில் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு ஆனது, மூன்று ஆனது. நானும் பேசவில்லை. மூன்று தாண்டி நான்கு ஆனது. அம்மா வைக்கவில்லை.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கோபமாகக் கேட்பது போலக் கேட்டாள்.

"திருவனந்தோரத்துக்கு எத்தன மணிக்கு வந்து எறங்குவிய? நானும் கார்ல வந்து நிக்கேன்."